முள்ளுக்கு யார் சொன்னது?

ஹடப்சர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. "கிஸ்னே போலா வந்தாச்சு" என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், எல்லோரும் கையிலிருந்த வேலையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். யார் சொன்னது என்று இந்தியில் கேட்பதுதான் அது. மராட்டியரிடம் "கோண் ம்ஹணாலா?" என்பார். தமிழரிடம் "யாரு சொன்னா?" மூன்று மொழியிலும் ஒரே தொனி. சண்டைக்கு இழுக்கிற தொனி இல்லை. தக்காளி என்ன விலை என்று விசாரிக்கிற மாதிரி, பதில் கிடைத்தால் போதும் என்கிற முகத்தோடு கேட்பார். அதனால்தான் ஆட்களுக்கு அதிகம் எரிச்சல் வந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் நாமும் திருப்பிக் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பட்டறை வாசலில் டீ விற்றவர் கண்ணாடி டம்ளரை நீட்டி "கரம் ஹை, மேடம்" என்பார். இவர் சுண்டுவிரல் நுனியை டீயில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டி, அதற்குப் பிறகே குடிப்பார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சூடாக இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் விரலுக்கும் தெரிய வேண்டும்.

அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். அப்பா ராணுவ வேலைக்கு வந்து கோர்படியில் தங்கிவிட, இவர் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அந்தப் பழைய டீசல் வேனை முன்பு ஓட்டியவர் அவருடைய கணவர். அவருக்குக் கண் பார்வை மங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை இவரிடம் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வண்டியில் ஏறியபோது ஓட்டுநர் இருக்கையில் இவர் உட்கார்ந்திருந்தாராம்.

அதற்கு முன் பதினைந்து வருடம் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே அழுத்தம் காட்டும் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். ஒரு மீட்டர் சரியா தப்பா என்று அந்த மீட்டரே சொல்ல முடியாது, பக்கத்தில் இன்னொரு நல்ல மீட்டரை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் எனக்கு விளக்கினார்.

"அந்த நல்ல மீட்டரு நல்லதுன்னு யாருக்கா சொல்றது?"

"அதை வேற ஊருக்கு அனுப்பி, அதைவிட நல்லதோட வச்சுப் பாப்பாங்க."

"அதை?"

"அதைத்தான்பா நானும் கேட்டேன். வேற செக்ஷனுக்கு மாத்திட்டாங்க."

நான் அந்தப் பட்டறைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இந்த விஷயத்துக்கு அது வேண்டும். எனக்குத் திண்டுக்கல் பக்கம். ஏழாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் சாயப்பட்டறை, ஹூப்ளியில் ஓட்டல், மிரஜில் மண் வேலை என்று வடக்கே நகர்ந்து நகர்ந்து புனே வந்தேன். மகர்பட்டாவில் முதல் அடுக்குமாடிகள் எழும்பியபோது அவற்றின் குளியலறைகளுக்குக் குழாய் போட்டவர்களில் நானும் ஒருவன். சிமெண்ட் மூட்டை அடுக்கிய கொட்டகையில் ஒரு வருடம் படுத்திருந்தேன். குழாய் வேலையில் எனக்கு மேஸ்திரி சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். திருகு மரை என்று ஒன்று கண்ணில் பட்டால் வெள்ளை டேப்பை ஏழு சுற்று சுற்று, பிறகு முடுக்கு. நான் போட்ட குழாய் ஒன்றுகூட ஒழுகியதில்லை. சம்பளம் ஒழுங்காக வராமல் போனபோது ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஹடப்சரில் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். கை பழக்கத்தை எங்கே விட்டுவிட்டு வர முடியும்?

அவரை நான் முதலில் பார்த்தது கிளட்சு விஷயத்தில். வேன் இழுக்கவில்லை என்று கொண்டுவந்திருந்தார். பட்டறை முதலாளியை நாங்கள் சேட் என்போம், சாதாராப் பக்கத்து மராட்டியர். அவர் வண்டியைப் பத்தடி ஓட்டிப் பார்த்துவிட்டு பிளேட் போய்விட்டது என்றார்.

"கிஸ்னே போலா?"

"மேடம், முப்பது வருஷமாக இந்தத் தொழில் பண்ணுகிறேன்" என்றார் சேட் இந்தியில்.

"முப்பது வருஷமா நீங்க பண்றீங்க. பிளேட்டு இன்னா சொல்லுது?" இதையும் இந்தியில்தான் கேட்டார். ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். பிளேட்டை வெளியே எடுத்துக் காட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பிளேட் நன்றாக இருந்தது. கேபிள்தான் இழுபட்டிருந்தது. சேட் அன்றிலிருந்து அவர் வண்டியைப் பற்றி முதல் வாக்கியம் பேசுவதை எங்களிடம் விட்டுவிட்டார்.

கோர்படி ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்கு அங்கே நிற்பது எப்படி என்று தெரியும். ஒருமுறை அவர் வேனில் நானும் இருந்தேன். முன்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லோரும் திரும்பத் தொடங்கினார்கள். சரக்கு வண்டி நடுவில் நின்றுவிட்டதாம், ஒரு மணி நேரம் ஆகுமாம். இவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, வரிசையைக் கடந்து நடந்து போய், கேட்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். நாலு நிமிஷத்தில் கேட் திறந்தது. எதிரே ஒரு வண்டியும் இல்லாத சாலையில் நாங்கள் மட்டும் போனோம்.

"முதல்ல சொன்னவன் யாருன்னு பாத்தேன்" என்றார். "ஒருத்தன் வண்டியைத் திருப்பினான், அவனுக்கு அவசரம். பின்னாடி கீறவன் ஏன்னு கேட்டான். இவன் இன்னமோ சொன்னான். அவ்ளோதான்."

எல்லாம் இப்படி நல்லபடி முடிந்ததில்லை. அவர் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை ஹிஞ்சேவாடியில் கம்பெனியில் பெரிய வேலை என்றார்கள். இனிப்பு கொடுக்க வந்த பெண்ணின் அம்மாவிடம் இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பதில் சரியாகத் தெரியவில்லை. இவர் மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை நேரே ஹிஞ்சேவாடிக்கு விட்டு, கம்பெனி வாசலில் காவலரிடம் விசாரித்துவிட்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை வேலை பார்த்தது அங்கேதான், ஆனால் கேன்டீன் மேற்பார்வை. அந்தக் குடும்பம் இவரோடு பேச்சை நிறுத்தியது. பொய் சொன்னவர்கள்மேல் வந்த கோபத்தைவிட, போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்மேல் வந்த கோபம் அதிகம். இத்தனைக்கும் அந்தப் பெண் அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டு நன்றாகத்தான் வாழ்ந்தாள்.

"நான் வேணான்னு சொன்னனா? இன்னா வேலைன்னு கேட்டேன். அவ்ளோதானே?" என்று இவர் என்னிடம் கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் குழப்பம் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் சொந்தமாகப் பேருந்துகள் வாங்கியதும் வேனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு நான் போய் நின்றேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. என் பேரில் ஒரு ரேஷன் அட்டைகூட இல்லை. ஹிஞ்சேவாடிக் கம்பெனிகளுக்குத் துப்புரவு ஆட்களை ஏற்றிப்போக வண்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு வேன் இருந்தால் ஒரே ஊரில் இருந்துவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியிருந்தது.

"இன்ஜின் எப்படிக்கா இருக்கு?"

"நல்லாத்தான் கீது. சூடானா, நிக்கறப்ப ஆயில் பிரஷர் கொஞ்சம் எறங்குது. ஓட்டனா ஏறிக்குது."

"சரிக்கா. நீங்க சொன்னாப் போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி இருந்தது. "யாரு சொன்னா?"

"நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

"நான் விக்கிறவ. விக்கிறவ பேச்சைக் கேட்டு வாங்குவியா? அரே, புத்தி கீதா உனக்கு? மீட்டரு போடு. நீயே போடு, நீயே பாரு. புடிச்சா வாங்கு, இல்லன்னா வுடு."

அதுவரை அந்த வண்டியில் இருந்தது ஒரு சிவப்பு விளக்குதான். இன்ஜினுக்குள் ஆயிலின் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போகும்போது எரியும். "எல்லாம் முடிஞ்சப்பறம் வந்து ஒப்பாரி வெக்கிற சொந்தக்காரன்" என்று அதைச் சொல்வார். அதை நம்பாமல், மாதம் ஒருமுறை விளக்கின் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, ஜூனா பஜாரில் வாங்கிய ஒரு பித்தளை மீட்டரை மெல்லிய செப்புக்குழாயோடு அதே துளையில் மாட்டித் தானே பார்த்துக்கொள்வார். அந்த மீட்டரைப் பழைய துண்டில் சுற்றி, இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். ஆனால் புதிதாக ஓட்டப் போகிற எனக்கு அது போதாது, ஓட்டும்போது கண்ணெதிரே ஒரு முள் இருக்க வேண்டும் என்றார்.

சேட் வயிறு குலுங்கச் சிரித்தார். விற்பதற்கு முன் வண்டிக்கு ஆயில் மீட்டர் போடச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், பெண் பார்க்க வந்தவரிடம் பெண்ணே தன் மருத்துவச் சீட்டை எடுத்து நீட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மீட்டரோடு இன்னொரு சாமான் வேண்டும், 'செண்டர்' வாங்கி வா என்றார் அக்கா. நான் கடையில் போய் சென்டர் என்று கேட்க, "எதனுடைய சென்டர்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நடுவில் எங்கேயோ மாட்டுகிற சாமான் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்து கேட்டதும், "பேஜ்னேவாலா. அனுப்பறவன்" என்றார். ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் நினைவுக்கு வந்தது. இடது பக்கம் அனுப்புநர், கீழே பெறுநர். இன்ஜினில் உட்கார்ந்து ஆயிலின் அழுத்தத்தைப் பார்த்துச் செய்தி அனுப்புகிறவன் அனுப்புநர். ஓட்டுநர் முன்னால் இருக்கிற முள் பெறுநர். இவ்வளவு எளிதாக எனக்கு எந்த இயந்திரமும் அதுவரை புரிந்ததில்லை.

சின்னக் கொய்யா அளவில் ஒரு தகர உருண்டை, அடியில் மரை, தலையில் ஒரு ஒயர் மாட்டும் இடம். சிவப்பு விளக்கையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இன்ஜினில் இருந்த ஒரே துளைக்கு, இரண்டு வாய் உள்ள ஒரு பித்தளைத் துண்டு. ஒரு வாயில் விளக்கின் பழைய ஸ்விட்ச், மறு வாயில் செண்டர். ஃபில்டருக்குப் பின்னால் கை நுழையாத இடம். முழங்கையில் தோல் உரிய, அரை நாளில் மாட்டி முடித்தேன். முன்பக்கத் தகரத்தில் துளை போட்டு, ஒயர் அறுபடாமல் ரப்பர் வளையம் வைத்து உள்ளே இழுத்து மீட்டரில் சேர்த்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

முள் ஒரே தாவலில் கடைசிக் கோட்டில் போய் நின்றது.

"ஷேர் ஹை, ஷேர்!" என்று சேட் பானெட்டைத் தட்டினார். சிங்கம் என்று அர்த்தம். நான் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. பழைய இன்ஜினில் முழு அழுத்தம். வேனின் பின்கண்ணாடியில் என்ன எழுதலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அவர் ஓட்டுநர் பக்கம் வந்து, சன்னல் வழியாக முள்ளைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டியவர் அவர்தான். இந்த முள்ளைக் காட்டினால் யாரிடமும் நல்ல விலை கேட்கலாம்.

"முள்ளுக்கு யாரு சொன்னா?"

"ஆயில்தான்கா."

"ஆஃப் பண்ணு."

அணைத்தேன். முள் கீழே விழுந்தது.

"இப்ப சாவியை மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத."

திருப்பினேன். முள் மறுபடியும் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றது. சிவப்பு விளக்கு, அந்த நிலையில் எரிய வேண்டியது, இருண்டு கிடந்தது.

"இன்ஜின் நிக்கிது. ஆயில் கீழ தூங்குது. தூங்கறவன் எப்பிடிப்பா சொன்னான்?"

டார்ச் வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தார். மரை ஓரத்தில் வெள்ளையாக ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. "இது இன்னா?"

"டேப்புக்கா. ஒழுகாம இருக்க."

"யாரு சொன்னா?"

"மகர்பட்டால மேஸ்திரி."

அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கக்கூஸ் கொழாய்க்குப் போடறதை இங்க சுத்தினியா! அதுக்கு ஒரு ஒயருதான் மேல கீது. இன்னொரு ஒயரு அதோட ஒடம்பு. மரை வழியாத்தான் இன்ஜினைத் தொட்டுப் பேசும். நீ அனுப்பறவன் வாயிலயே துணி கட்டிட்ட. ஒண்ணும் வரலன்னா இந்த மீட்டரு ஃபுல்லுன்னு காட்டும். வெளக்குக்கும் சேத்து வாயைக் கட்டிட்ட."

எல்லாவற்றையும் கழற்றினேன். டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, செப்பு வாஷர் போட்டு மாட்டினேன். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது, முள் அடியில் கிடந்தது. கிளப்பினால் முக்கால்வாசி ஏறியது. சரி என்று நினைத்தேன். மகர்பட்டாவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டி, சூடாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினேன். முள் மெல்ல மெல்ல இறங்கி முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நடுங்கியது.

"நல்லா இருந்த முள்ளைக் கெடுத்துட்டீங்களேக்கா" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது.

அவர் வேன் இருக்கைக்கு அடியில் கையை விட்டார். துண்டைப் பிரித்துப் பித்தளை மீட்டரை எடுத்து, செண்டரைக் கழற்றிய துளையில் அதை மாட்டச் சொன்னார். அதிலும் அதே அளவுதான். "ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றாங்க. தேஞ்ச இன்ஜின்தான். பாத்து ஓட்டனா நாலஞ்சு வருஷம் ஓடும். இப்ப சொல்லு, வாங்கறியா?"

வாங்கினேன். நான் கேட்பதற்கு முன்பே விலையை அவரே குறைத்தார்.

முள்ளோடு வாழ்வது சுலபமில்லை. விளக்கு மட்டும் இருந்தபோது அவருடைய கணவர் நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். ஹிஞ்சேவாடி நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது, முள் இறங்க இறங்க எனக்கு வியர்க்கும். பின்னால் துடைப்பமும் டப்பாவுமாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் "தாதா, என்ன அதையே பார்க்கிறீர்கள், அதில் சினிமா ஓடுகிறதா?" என்று கிண்டல் செய்வார்கள், தாதா என்றால் மராட்டியில் அண்ணன். காலால் கொஞ்சம் அழுத்தினால் ஏறும். ஏறியதும் மூச்சு வரும். ஒருமுறை வாகட் அருகே பயந்துபோய், கடையிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். "முள்ளு கீழ வந்துருச்சுக்கா, இன்ஜின் போச்சு." "இன்ஜின் போச்சுன்னு யாரு சொன்னா? ஆயில் கம்பியை எடுத்துப் பாத்தியா?" பார்த்தேன். ஆயில் குறைந்திருந்தது. ஊற்றினேன். அதன்பின் எங்கள் இருவருக்கும் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. எப்போது பார்த்தாலும் "முள்ளு இன்னா சொல்லுது?" என்பார். "முள்ளுக்கு யாரு சொன்னாங்கறதைப் பொறுத்துக்கா" என்பேன்.

நாலு வருடம் ஓடியது. ஒரே ஊரில் நான் அவ்வளவு காலம் இருந்ததில்லை. பிறகு எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. சூரத்தில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இன்ஜினும் களைத்திருந்தது. சூட்டில் நின்றால் முள் முதல் கோட்டுக்குக் கீழே போனது.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஓட்டல் ஒன்றில் சமையல் வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து என் கம்பெனிச் சவாரியையே எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு நான் பானெட்டைத் திறந்து, செண்டரின் தலையிலிருந்த ஒயரைப் பிடுங்கி, குழாய்க்குப் பின்னால் செருகினேன். டேப் வேண்டியிருக்கவில்லை. அதைவிடச் சுலபம். செய்தி வராவிட்டால் அந்த மீட்டர் முழுசாகக் காட்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது யார் என்று அந்த நேரத்தில் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் ஓட்டிப் பார்த்தார். முள் கடைசிக் கோட்டில் அசையாமல் நின்றது. "பழைய வண்டியாட்டவே இல்லீங்களே" என்றார். அன்றே பேசி முடித்து, சாவியைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் மாலை ரயில்.

கிளம்பும் முன் கோர்படிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் கட்டிலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் கதையைச் சொன்னியா அவன்கிட்ட?"

"முள்ளைப் பாத்துட்டுத்தான்கா வாங்கினாரு."

"முள்ளுக்கு யாரு சொன்னா?"

முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்தான் கேட்டார். எங்கள் பழைய வேடிக்கை. நான் சொல்ல வேண்டிய பதில் என்னவென்று இருவருக்கும் தெரியும். "ஆயில்தான்கா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அவர் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். பிறகு இன்னொன்று. நான் ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தேன். "ஆவுதுன்னு யாரு சொன்னா? இன்னும் ரெண்டு மணி நேரம் கீது" என்றார் அவர்.

நான் ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. வண்டி வாங்கினவர் இருந்த ஹடப்சருக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வேனைக் கழுவி, சாமி படம் ஒட்டி, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டிருந்தார். நேரே பானெட்டைத் திறந்து ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். கிளப்பி, சூடாகும்வரை ஓட விட்டேன். முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏனுங்க, நேத்து நல்லா இருந்துச்சுங்களே. நீங்க கைய வெச்சதும் இப்படி ஆயிப்போச்சே!"

நான் ஒருமுறை சொன்ன அதே புகார். நேற்று என்ன செய்தேன் என்று சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேன் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "தமிழ்க்காரர்னு நம்பித்தானுங்க நான் மெக்கானிக்கைக்கூடக் கூட்டிட்டு வரல" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டேன். சூரத் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோர்படியில் அவர் வீட்டு முன்னால் வேனை நிறுத்தினேன். சத்தம் கேட்டு வெளியே வந்தவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊருக்குப் போவல?"

"அவரு வண்டி வேணான்னுட்டாருக்கா."

யாரு சொன்னா என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நின்றேன். வரும் வழியெல்லாம் அதற்குத்தான் தயார்செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஓட்டுநர் பக்கச் சன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முள் அடியில் கிடந்தது.

ஒரு நிமிஷம் போல அதையே பார்த்தார். பிறகு சாவியை உருவி என் கையில் வைத்துவிட்டு, "டீ போடறேன், வா" என்று உள்ளே போனார்.